டென்னிஸ் எல்போ: ஓய்வு மட்டும் போதாது

வணக்கம் நேயர்களே. முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்று வருகிறவர்களிடம், உள்ளங்கை கீழே பார்க்கிற மாதிரி ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கச் சொல்வேன். நாற்காலி தரையை விட்டு எழும்புவதற்குள் முகம் சுருங்கிவிட்டால் அது பெரும்பாலும் டென்னிஸ் எல்போதான். இவர்களில் பலர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. துணி பிழிகிறவர்கள், நாள் முழுக்க மௌஸ் பிடிக்கிறவர்கள், ஸ்க்ரூ டிரைவர் திருகுகிறவர்கள், சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் என்று எல்லோரும் வருவார்கள், வயது பெரும்பாலும் 35-க்கும் 55-க்கும் நடுவில் இருக்கும்.

மணிக்கட்டை மேலே தூக்குகிற தசைகள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நாம் எதை இறுக்கிப் பிடித்தாலும் மணிக்கட்டு மடங்காமல் தாங்கி நிற்பது இந்தத் தசைகள்தான், அதனால் டம்ளரைத் தூக்கினால்கூட வலி முழங்கையில் சுள்ளென்று தெரிகிறது. ஒட்டுகிற இடத்தில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் தன் சக்திக்கு மேல் திரும்பத் திரும்ப வேலை செய்யும்போது அதன் இழைகள் சீர்குலைந்து, சரியாக ஆறாமல் அப்படியே நின்றுவிடும். நாள்பட்ட வலியில் அங்கே அழற்சியைவிட இந்தச் சிதைவுதான் அதிகம்.

இதைப் புரிந்துகொண்டால், அழற்சியைக் குறைக்கப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி விஷயமும் புரியும். 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. 198 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஊசி, ஒரு பிரிவுக்கு பிசியோதெரபி, மூன்றாவது பிரிவுக்குப் பொறுத்திருக்கும்படி ஆலோசனை மட்டும். ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். அப்புறம் அவர்களில் பலருக்கு வலி திரும்பி வந்துவிட்டது, நாளடைவில் மற்ற இரண்டு பிரிவையும்விடப் பின்தங்கிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பிசியோதெரபிக்கும் சும்மா பொறுத்திருந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சரி, அப்படியானால் எதற்கு பிசியோதெரபி என்று கேட்பீர்கள். முதல் சில வாரங்களில், அதாவது வேலைக்கும் போக வேண்டும் கையும் வலிக்கிறது என்கிற அந்தக் கஷ்டமான காலத்தில், பொறுத்திருந்தவர்களைவிட இவர்கள் தெளிவாக முன்னேறினார்கள், வேறு சிகிச்சை தேடி அலைந்ததும் குறைவு. எனக்கு அதுவே போதுமான காரணம்.

இனி பயிற்சி. மேஜை மேல் முன்கையை வைத்து, மணிக்கட்டும் கையும் மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி, உள்ளங்கை தரையைப் பார்க்க உட்காருங்கள். வலி அதிகமாக இருக்கும் நாட்களில் கையில் ஒரு சிறிய எடையைப் பிடித்து, அதை மேலும் கீழும் அசைக்காமல், மணிக்கட்டை நேராக நிறுத்தி 30 விநாடி பிடித்தாலே போதும். கொஞ்சம் தணிந்த பிறகு அரைக் கிலோ எடையோடு, மற்ற கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் மட்டும் நாலைந்து விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். இந்த இறக்குவதில்தான் விஷயமே இருக்கிறது, தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் தசைநாண் மெல்ல மெல்லப் பலப்படும். பயிற்சி செய்யும்போது லேசாக வலிக்கலாம், பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள், கூடவில்லை என்றால் வாரா வாரம் கொஞ்சம் ஏற்றுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்திலேயே "ஒன்றும் பிரயோஜனம் இல்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் கையால் செய்கிற சிகிச்சையும் உண்டு. மேல்கையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் முன்கையை வெளிப்பக்கமாக லேசாக நகர்த்தி, அதே நேரத்தில் நோயாளியிடம் எதையாவது இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். நகர்த்தும்போது வலி இல்லாமல் பிடிக்க முடிந்தால் திரும்பத் திரும்பச் செய்வார். அதோடு வலி குறைந்த நேரத்தைப் பயன்படுத்திப் பயிற்சியையும் செய்ய வேண்டும். எல்போ பெல்ட் போடுகிறீர்கள் என்றால் வலிக்கிற எலும்பின் மேல் போடாதீர்கள், அதற்கு இரண்டு விரல் கீழே, முன்கைச் சதையின் மேல் போடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். அல்ட்ராசவுண்ட், லேசர் மாதிரி கருவிகளை மட்டும் நம்பி நாட்களை ஓட்டாதீர்கள்.

பொருட்களை உள்ளங்கை மேலே பார்க்கும்படி, உடம்போடு ஒட்டித் தூக்கினால் அந்தத் தசைக்குப் பாரம் குறையும், இதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம். ஆனால் விரல்கள் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, முழங்கை சிவந்து வீங்கினாலோ, விழுந்து அடிபட்ட பிறகு வலி வந்திருந்தாலோ, பயிற்சியை ஆரம்பிக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.