திவசச் சமையலில் ஏன் மிளகாய் இல்லை?

எல்லோருக்கும் வணக்கம். மகாளய பட்சம் நடக்கிற நேரம். தர்ப்பண மந்திரங்களுக்குப் பொருள் சொல்லப் போகிறேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதற்கு வாத்தியார்கள் இருக்கிறார்கள். நான் அடுப்படிப் பக்கம் போகிறேன்.

ஒரு வார்த்தை மட்டும் முதலில். "தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல்" என்று வள்ளுவர் அடுக்கும்போது தெய்வத்துக்கும் முன்னால் நிற்பவர்கள் செத்துப்போனவர்கள். புறநானூற்றின் 9-ஆம் பாட்டிலும், தென்புலத்தில் வாழ்பவர்களுக்குக் கடன் செய்யப் பிள்ளை பெறாதவர்களே, பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று போருக்கு முன் அறிவிக்கிறார்கள். தெற்கே பார்த்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நம் பழக்கம் அவ்வளவு பழசு.

சரி, இலைக்கு வருவோம். பிராமண வீடுகளில் திவசத்தன்று என்ன சமைப்பார்கள்? வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, பயத்தம்பருப்பு, பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை. காரத்துக்கு மிளகு. மிளகாய் கிடையாது. தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் கிடையாது. பல வீடுகளில் பெருங்காயமும் கிடையாது.

"சாஸ்திரத்தில் இல்லை" என்பார் பாட்டி. எப்படி இருக்கும்? போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் இறங்கியது 1498-இல். மிளகாய் அதற்கு அப்புறம்தான் இங்கே வந்தது. மிளகு போல உறைக்கிற காய், அதனால் மிளகாய் என்று பெயர் வைத்து வீட்டுக்குள் விட்டுக்கொண்டோம். உருளையும் தக்காளியும்கூட அமெரிக்காக் கண்டத்துச் சரக்குதான். வருஷத்தில் 364 நாள் நாம் புதுச் சமையல் சாப்பிடுகிறோம். ஒரு நாள் மட்டும் மிளகாய் அறியாத காலத்துச் சமையலறை திறக்கிறது. விருந்தாளிகள் அந்தக் காலத்து மனிதர்கள், அவர்களுக்குத் தெரிந்த காயைப் போடுகிறோம். நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் வீட்டுத் திவச இலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கும். அதுவும் அமெரிக்காக்காரன்தான்! எப்படியோ வாத்தியார் கண்ணில் படாமல் நுழைந்துவிட்டது.

வசிஷ்டர் கதை தெரியுமா? திவசத்துக்குக் கூப்பிட்டால் 1008 காய் சமைக்க வேண்டும் என்றாராம் விசுவாமித்திரர். அருந்ததி பாகற்காய், பிரண்டை, பலாக்காய், கூட எட்டுக் காய் போட்டாள். எங்கே ஆயிரம் என்று அவர் கேட்க, திவசத்தில் பாகற்காய் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு, எட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்றாள். முனிவர் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். சாஸ்திரத்தில் நின்று ஜெயித்தவள் சமைத்தவள்.

வேறு பல வீடுகளில் கணக்கே வேறு. நினைவு நாள் படையலில் செத்தவருக்குப் பிடித்தது எதுவோ அதுதான் இலைக்கு வரும். மீன் குழம்பு, கோழி, வெற்றிலை பாக்கு, சுருட்டு. ஆள் பரோட்டாப் பிரியர் என்றால் பரோட்டா. அங்கே பரம்பரை மொத்தத்துக்கும் சாப்பாடு இல்லை, அந்த ஒரு மனிதருக்குத்தான். உள்ளதைச் சொன்னால், இந்த முறையைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை.

என் அப்பாவுக்கு உருளைக்கிழங்கு வறுவல் என்றால் உயிர். திவசத்தன்று அது அடுப்பேறாது, அம்மா விதியை மீற மாட்டாள். ஆனால் மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வறுவல்தான், நல்ல மிளகாய்ப்பொடி போட்டு. முதல் கைப்பிடியை மொட்டைமாடிக்கு எடுத்துப் போய்க் காக்கைக்கு வைத்துவிட்டு, அது கொத்தும்வரை அங்கேயே நிற்பாள்.