நம் முகத்தை நமக்குக் காட்டுவது நாம் அறியாமல் எடுத்த படமே

நடுவர் அவர்களே, நாகர்கோவிலில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். நம்மை நமக்கு உள்ளபடி காட்டுவது கண்ணாடியா, நாம் அறியாத நொடியில் எடுக்கப்பட்ட படமா என்ற வினாவில், நான் படத்தின் பக்கம் நின்று பேசுகிறேன்.

ஐயா வைகுண்டரின் சாமிதோப்புப் பதியில் கண்ணாடி முன் நின்று வழிபடும் மண்ணில் கண்ணாடியைக் குறை கூறலாமா என்று எதிரணித் தலைவர் கேட்டார். அந்த வழிபாட்டை நானும் போற்றுகிறேன். ஆனால் தலைப்பாகை கட்டி அங்கே நிற்பவர் தம் முகப்பொலிவைத் தேடுவதில்லை, தமக்குள் உறையும் இறையைத் தேடுகிறார். நாம் வீட்டுக் கண்ணாடியிலும் செல்ஃபியிலும் தேடுவது வேறு. முக்கடல் சங்கமத்தில் கதிரவன் எழுவதைக் காணவே தொலைவிலிருந்து வருபவர்களில் எத்தனையோ பேர், அது எழும் வேளையில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைபேசித் திரையில் தம் முகத்தையே பார்த்து நிற்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

கண்ணாடி முகத்தை இடவலம் மாற்றியே காட்டுகிறது. 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர், பெண்களின் படங்களை நேராகவும் இடவலம் மாற்றியும் அச்சிட்டுக் காட்டியபோது, படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாற்றிய படத்தையும், அவர்களுடைய நெருங்கியவர்கள் நேரான படத்தையும் விரும்பினார்கள். பழகிய உருவமே இருசாராருக்கும் பிடித்தது. அப்படியானால், கல்யாண ஆல்பத்தில் நாம் அறியாத நொடியில் எடுத்த கேண்டிட் படத்தைப் பார்த்து "இது நானே இல்லை" என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அந்த முகத்தோடுதான் நம் வீட்டார் இத்தனை காலமும் வாழ்ந்து வருகிறார்கள்! கண்ணாடி முன் செல்லும்போதே நாம் முகத்தைத் திருத்திக்கொண்டு விடுகிறோம். பிள்ளையின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் முகத்தையோ, தோவாளைப் பூச்சந்தையில் பூத்தொடுப்பவர் தம் விரல்களில் ஆழ்ந்திருக்கும் முகத்தையோ எந்தக் கண்ணாடியும் அவர்களுக்குக் காட்டியதில்லை.

1928 முதல் ஜெர்மானியரான எரிக் சாலமன் சிறிய கேமராவோடு மாநாட்டு அறைகளுக்குள் நுழைந்து, ஐரோப்பியத் தலைவர்கள் களைத்தும் வாதிட்டும் அமர்ந்திருந்ததைப் படம் பிடித்தார். வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படங்கள் சொல்லாததை அவை சொல்கின்றன.

அனுமதியின்றி எடுப்பது திருட்டல்லவா என்ற எதிரணியின் கேள்வி நியாயமானது. பிறரை இழிவுபடுத்தவோ, அவர்களுடைய துயரத்தை விற்கவோ எடுக்கும் படத்துக்காக நான் வாதாடவில்லை. எடுத்த உடனே அவரிடமே காட்டி, வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடும் படக்காரருக்காகவே வாதாடுகிறேன்.