ஒதுங்கிப் போன புயல்

(மொரீசியஸில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். புயலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நல்ல வேளை, புயல் மாதத்தில் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டீர்கள்.

புயல் என்றதும் இங்கே நாம் கேட்கிற முதல் கேள்வி, "கிளாஸ் எத்தனை?" கிளாஸ் என்றால் புயல் எச்சரிக்கையின் படிநிலை. மூன்று என்று அறிவித்துவிட்டால் ஊரே அடங்கிவிடும். ஆனால் அந்த எண் காற்றுக்காக ஏற்பட்டது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதை வைத்துத்தான் அதை ஏற்றுகிறார்கள்.

காற்றுக்கு நாம் பயந்ததில் நியாயம் உண்டு. 1960-இல் ஒரே கோடையில் முதலில் அலிக்ஸ் புயல், அப்புறம் கரோல். கரோலின் காற்று 256 கிலோமீட்டரைத் தொட்டது. தகரமும் பலகையுமாக இருந்த வீடுகள் பறந்தன. அந்த வருஷச் சர்க்கரை உற்பத்தி பாதிக்கும் கீழே விழுந்தது. அதன் பிறகுதான் ஊர் கான்கிரீட்டுக்கு மாறியது. இப்போதெல்லாம் சன்னலைச் சாத்திவிட்டு, ஃபராத்தா ரொட்டியும் சார்டின் மீன் டின்னுமாக உட்கார்ந்துவிடுகிறோம். காற்றை ஓரளவு சமாளித்துவிட்டோம். தண்ணீரைச் சமாளித்தோமா?

2024 பொங்கல் நாளை நினைத்துப் பாருங்கள். தைப்பூசத்துக்கு இன்னும் பத்து நாள். பெலால் புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, பக்கத்துத் தீவான ரியூனியன் மீது ஏறியது. அங்கே உச்சபட்சமான ஊதா எச்சரிக்கை கொடுத்து, யாரும் வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நம்மை அது நேராகத் தாக்கவில்லை, தெற்கே ஒதுங்கிப் போனது. காலையில் பலர் வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தார்கள். அப்புறம் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஓட்டி வந்தவர்கள் காரின் கூரைமேல் நின்றார்கள். இரண்டு தீவிலும் உயிர்கள் போயின.

போர்ட் லூயிஸ் இருக்கிற இடம் அப்படி. பின்னால் மலைகள், முன்னால் கடல். லெ பூஸ் மலைப்பக்கம் விழுகிற மழை நகரத்தின் நடுவே ஓடைகளாக இறங்கித்தான் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். வழியில் நாம் கட்டிடமும் சாலையும் போட்டு வைத்திருக்கிறோம். 2013 மார்ச் 30 அன்று புயல்கூட இல்லை, வெறும் மழை. 11 பேர் இறந்தார்கள். அதில் சிலர் சுரங்கப்பாதையில் சிக்கியவர்கள்.

பக்கத்து ரியூனியனில் கதையே வேறு. நம் உயரமான மலை 828 மீட்டர். அவர்களுடைய பித்தோன் தே நேழ் 3,000 மீட்டருக்கும் மேல். ஈரக்காற்று அந்தச் சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து கொட்டித் தீர்த்துவிடும். 1980-இல் இயாசேந்த் புயல் அந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. கொமெர்சன் எரிமலைப் பள்ளத்தருகே 15 நாளில் பெய்தது 6,083 மில்லிமீட்டர்! சென்னைக்கு அது நாலு வருஷத்து மழை. 2007-இல் கமேத் அதே இடத்தில் மூன்றே நாளில் 3,929 மில்லிமீட்டர் கொட்டியது. இரண்டும் உலக சாதனைகள். யாரும் ஆசைப்பட்டு வாங்கிய சாதனை இல்லை.

சரி, ஃப்ரெடி புயலுக்கு வருகிறேன். 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியப் பக்கம் உருவாகி, இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கடந்து வந்து, நமக்கு வடக்கே கடலோடு போனது. "தப்பிச்சோம்" என்றோம். நானும்தான் சொன்னேன். அது மடகாஸ்கரைத் தாண்டி மொசாம்பிக்கில் கரையேறியது. திரும்பக் கடலுக்கு வந்து, மார்ச்சில் மறுபடியும் ஏறியது. மலாவியில் பிளான்டயர் நகரத்தின் மலைச்சரிவுகள் சேறாக இறங்கி வீடுகளை மூடின. அந்த ஒரு நாட்டில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரத்துக்கு மேல். மலாவிக்குக் கடற்கரையே கிடையாது என்பதைக் கவனியுங்கள். அங்கே போகும்போது காற்றின் வேகம் எவ்வளவோ குறைந்துவிட்டது. நம் கணக்கில் அதற்கு என்ன கிளாஸ் கொடுத்திருப்போம்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தூரத்தில் போகிற புயல் நமக்கு வேண்டியதும்கூட. வறண்ட வருஷத்தில் மார் ஓ வக்வா நீர்த்தேக்கம் நிரம்ப அதைத்தான் எதிர்பார்த்திருக்கிறோம். தண்ணீர் தினம் சில மணி நேரமே வருகிற வீடுகளில் கேளுங்கள், புயல் பக்கத்தில் வரட்டும் என்பார்கள்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். இந்த மண்டபத்துக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் பழைய வாழைமட்டையும் பிளாஸ்டிக் தட்டுகளும் அடைத்துக் கிடக்கின்றன. பாதி நம் அன்னதானத்துத் தட்டுகள்தான். நவம்பருக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறியுங்கள். மண்வெட்டியோடு வருகிறேன்.