எலிக்கு வளை தோண்டச் சொல்லிக் கொடுத்தது யார்?

வணக்கம் நண்பர்களே. மொட்டை மாடியில் இருக்கிறேன். காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, இடையில் குரல் கேட்காமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவில் இந்த வேப்பமரத்துக் காக்கைக் கூட்டைக் காட்டினேன் அல்லவா? இதோ ஜூம் செய்கிறேன். கூட்டின் விளிம்பில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பது குயில் குஞ்சு. பக்கத்தில் காக்கைக் குஞ்சு ஒன்றும் இருக்கிறது. பாவம், அதற்குக் கிடைப்பது பாதிதான். இந்தக் குயில் இப்போதைக்குக் கரகரவென்றுதான் கத்துகிறது. வளர்ந்த பிறகு, ஊட்டி வளர்த்த காக்கை மாதிரி கரையாது, கூவும். அதைச் சொல்லிவிட்டு, "மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமா?" என்று பெருமையாக முடித்திருந்தேன்.

அந்த வீடியோவைப் பார்த்த ஒருவர் என்னை மடக்கிவிட்டார். "தம்பி, விடிந்ததிலிருந்து அந்த மரத்தைச் சுற்றி நாலு குயில் கூவுகிறதே. குஞ்சு கூட்டிலிருந்தே கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு விலங்கு எதையோ பிறவியிலேயே அறிந்திருக்கிறது என்று சொல்வது சுலபம். அப்பா அம்மாவைப் பார்த்துப் படிக்கவில்லை, அண்டை அயலைக் கேட்டுப் படிக்கவில்லை, தானே செய்து பார்த்தும் பழகவில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு நிரூபிப்பதுதான் கஷ்டம். அதைப் பொறுமையாகச் செய்து காட்டியவர்களின் கதைதான் இன்றைக்கு. குயிலை மரத்திலேயே விட்டுவிடுவோம். எலிக்கு வாருங்கள்.

அமெரிக்காவின் தென்கிழக்கில், ஃபுளோரிடா, அலபாமா பக்கம், கைவிட்டுப்போன வயல்களிலும் மணல் நிலத்திலும் ஒரு சின்ன எலி வாழ்கிறது. ஓல்டுஃபீல்ட் மவுஸ் என்பார்கள். நம் வசதிக்குத் தரிசு எலி என்று வைத்துக்கொள்வோம். அதன் நெருங்கிய உறவு டியர் மவுஸ், மான் எலி. வட அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான். என் கையில் கொடுத்தால் எனக்கு அடையாளம் தெரியாது. ஆனால் அவை தோண்டிய வளையைக் காட்டினால் சொல்லிவிடுவேன்.

இருங்கள், சாக்பீஸில் தரையில் வரைகிறேன். இந்தக் கோடு மண்ணின் மேற்பரப்பு. மான் எலி இப்படிச் சாய்வாகக் கொஞ்ச தூரம் தோண்டும், ஒரு குழி போடும், அவ்வளவுதான். தரிசு எலி நீளமாகத் தோண்டிக்கொண்டே போகும், இப்படி. ஆழத்தில் கூடு அமைக்கும் அறை. அதோடு விடாது. அறையின் மறுபக்கத்திலிருந்து மேல்நோக்கி இன்னொரு சுரங்கம். இங்கே கவனியுங்கள், அது வெளியே வராது. தரைக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். மேலிருந்து பார்த்தால் அங்கே ஓட்டை இருப்பதே தெரியாது. முன்வாசல் வழியாகப் பாம்பு உள்ளே வந்தால், எலி பின்பக்கம் ஏறி அந்த மெல்லிய மண்ணை முட்டித் தள்ளிவிட்டு ஓடிவிடும்.

சின்ன வயதில் செங்கல்பட்டுப் பக்கம் என் பாட்டி ஊரில், அறுவடை முடிந்ததும் இருளர்கள் எலி பிடிக்க வருவார்கள். அடியில் ஓட்டை போட்ட மண்பானை, உள்ளே புகையும் வைக்கோல். பானையின் வாயை வளையில் பொருத்திவிட்டு அந்த ஓட்டை வழியாக ஊதுவார்கள். ஊதுவதற்கு முன்னால் வரப்பைச் சுற்றி வந்து, எலி தப்பிக்க இன்னொரு வழி எங்கே வைத்திருக்கிறது என்று தேடி மிதித்து அடைப்பார்கள். அது வேறு எலி, வேறு நாடு. இருந்தாலும் இந்த ஆராய்ச்சியைப் படித்தபோது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

சரி, ஆராய்ச்சி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோப்பி ஹெக்ஸ்ட்ரா என்ற உயிரியலாளரின் குழு. 2013-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. இரண்டு வகை எலிகளையும் ஆய்வகத்தில் மணல் நிரப்பிய பெரிய அடைப்புகளில் விட்டார்கள். இவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. இவற்றின் தாத்தா பாட்டிகூட வளையைப் பார்த்திருக்காது. அப்படியிருந்தும் மண்ணில் கால் வைத்ததும் மான் எலி குட்டையாகத் தோண்டியது. தரிசு எலி நீளச் சுரங்கம், அறை, தப்பிக்கும் வழி எல்லாவற்றோடும் தோண்டியது.

மண்ணுக்குள் இருக்கும் சுரங்கத்தை எப்படி அளப்பது? கதவுச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி அடைக்க ஒரு நுரையைப் பீய்ச்சி அடிப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி நுரையை எலி வெளியேறிய வளைக்குள் ஊற்றினார்கள். உப்பி இறுகியதும் மண்ணைத் தள்ளிவிட்டு எடுத்தால், வளை அப்படியே அச்சாகக் கையில் வந்துவிடும். அப்புறம் அளவுகோல் வைத்து அளக்க வேண்டியதுதான். கோடிக்கணக்கில் செலவாகும் மரபணு ஆய்வில் இப்படி ஒரு கொத்தனார் வேலை இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்தது கலப்பு. நெருங்கிய உறவு என்பதால் ஆய்வகத்தில் இந்த இரண்டு வகையையும் இணைசேர்க்க முடியும். பிறந்த கலப்புக் குட்டிகள் நடுவாந்தரமாகத் தோண்டும் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை, தரிசு எலி மாதிரியே தோண்டின. நீளச் சுரங்கம், தப்பிக்கும் வழி, எல்லாம். அந்தக் கலப்பு எலிகளை மறுபடி மான் எலியோடு சேர்த்தார்கள். இந்தத் தலைமுறையில் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி, ஒவ்வொரு குட்டிக்கும் தரிசு எலியின் டிஎன்ஏ-வில் வெவ்வேறு துண்டுகள் கிடைத்திருக்கும். எந்தத் துண்டு கிடைத்த எலி எப்படித் தோண்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில்தான் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். சில எலிகள் நீளமாகத் தோண்டின, தப்பிக்கும் வழி வைக்கவில்லை. சில குட்டையாகத் தோண்டிவிட்டு, தப்பிக்கும் வழி மட்டும் வைத்தன! முன்வாசல் சுரங்கத்தின் நீளத்தோடு தொடர்புடையதாக டிஎன்ஏ-வில் மூன்று பகுதிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் சுமார் 3 சென்டிமீட்டர் கூட்டுகிறது. தப்பிக்கும் வழி தோண்டுவதோடு தொடர்புடையது வேறொரு பகுதி, ஒன்றே ஒன்று.

அதாவது 'வளை தோண்டும் அறிவு' என்று ஒரே மூட்டையாக எதுவும் இல்லை. எவ்வளவு தூரம் தோண்டுவது, பின்வழி வைப்பதா வேண்டாமா என்பதெல்லாம் தனித்தனி உருப்படிகள். இந்த இரண்டு எலிகளும் சேர்ந்த பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவு இனங்களின் கூட்டத்தில், மற்ற எலிகள் பெரும்பாலும் எளிமையான வளைதான் போடுகின்றன. தரிசு எலியின் முன்னோரும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பரிணாமம் மாளிகையை ஒரே இரவில் கட்டித் தரவில்லை. இங்கே ஒரு முழம் நீட்டி, அங்கே ஒரு வழி வைத்து, தனித்தனியாகச் சேர்த்திருக்கிறது. பாம்பிடம் தப்பியவை குட்டி போட்டன, அந்தத் துண்டுகள் நிலைத்துவிட்டன. எனக்கு இது ரொம்ப நாள் குழப்பம். ஒரு சிக்கலான பழக்கம் முழுதாக இருந்தால்தானே பயன், பாதி எப்படி உருவாகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பின்வழி இல்லாவிட்டாலும் நீளச் சுரங்கம் குட்டைச் சுரங்கத்தைவிடப் பாதுகாப்புதானே!

இப்போது நம் குயில் கேள்வி. ஆய்வகத்திலேயே இருந்தாலும் தாயைப் பார்த்துக் குட்டி எதையாவது பழகியிருக்கலாமே? அதையும் விடவில்லை. 2017-ல் அதே குழு பிறந்த குட்டிகளை மாற்றி வைத்தது. தரிசு எலிக் குட்டி மான் எலித் தாயிடம், மான் எலிக் குட்டி தரிசு எலித் தாயிடம். காக்கைக் கூட்டில் குயில் மாதிரியேதான், ஆனால் வெளியே கூவிக் கெடுக்க ஆள் இல்லாமல். வளர்த்தவள் யாராக இருந்தாலும், குட்டி பெற்றவளின் வகைப்படியே தோண்டியது. தரிசு எலிக் குட்டி மான் எலிக் குட்டியைவிடச் சுமார் பத்து நாள் முன்னதாகவே தோண்ட ஆரம்பித்துவிடுகிறது. அதுவும் மாறவில்லை.

பாடப்புத்தகத்தில் இதற்கு இயல்பூக்கம் என்று பெயர் போட்டிருப்பார்கள். விலங்கு நடத்தையை ஆராய்ந்த லோரன்ஸ், டின்பெர்கன் இருவரும் 1938-ல் எழுதிய வாத்துக் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கூட்டை விட்டு உருண்டுபோன முட்டையைச் சாம்பல் வாத்து அலகால் உள்ளே உருட்டிக்கொண்டு வரும். பாதியில் முட்டையை எடுத்துவிட்டால்? இல்லாத முட்டையைக் கூடு வரைக்கும் உருட்டி முடித்துவிட்டுத்தான் நிறுத்தும். 1973-ல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்தில் நடத்தையை வெளியிலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. டிஎன்ஏ-வில் எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டுவது நம் காலத்தில்தான்.

விரல் வைத்தது ஊரின் மேல்தான், வீட்டின் மேல் இல்லை. அந்தப் பகுதி ஒவ்வொன்றுக்குள்ளும் நிறைய மரபணுக்கள் இருக்கும். 'சுரங்க மரபணு கண்டுபிடிப்பு' என்று யாராவது தலைப்புப் போட்டால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியப்பா உடனே, "அதான் சொல்றேன், புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு குணம்" என்றார். இல்லை பெரியப்பா. இந்த எலிகள் இரண்டு தனி இனங்கள். இரண்டுக்கும் ஒரே கூண்டு, ஒரே தீனி, ஒரே மணல் கொடுத்து, குட்டிகளையும் மாற்றி வைத்துப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் மரபணுவில் என்று சொன்னார்கள். நம் ஊரில் எந்த இரண்டு தெருப் பிள்ளைகளுக்கு ஒரே தட்டு, ஒரே பள்ளி, ஒரே மரியாதை கிடைத்திருக்கிறது? அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். வீடியோவை அனுப்பினால் பார்ப்பார் என்று நம்புகிறேன்.

ஆ, இருங்கள் இருங்கள், காக்கை வந்துவிட்டது. வாயில் ஏதோ இருக்கிறது, இட்லித் துண்டு மாதிரி தெரிகிறது. சத்தம் போடாமல் கேமராவைத் திருப்புகிறேன். பாருங்கள், இரண்டு வாயும் திறந்திருக்கிறது... குயிலுக்குத்தான் கொடுத்தது.