ஓர் அங்குலக் கட்டம் ஓர் அங்குலம் இருக்க வேண்டாமா?

பாருங்கள், இந்த ஃபிளெக்ஸைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். கட்டத்தின் மேல் ஸ்கேலை வைக்கிறேன். தெரிகிறதா? 23 மில்லிமீட்டர்! இருக்க வேண்டியது 25.4. போன வீடியோவில், மேசையில் விரித்து ஆடுகிற ஆற்றுப்பால வரைபடத்தை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேனே, அது வந்த லட்சணம் இதுதான். பல நாளாக இதே கடுப்பு.

நான் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு வேடம் எடுத்து ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு. அதில் மேசையில் ஓர் அங்குலம் என்றால் ஆட்டத்துக்குள் 5 அடி. சாதாரண மினியின், அதாவது ஆளுக்குப் பதில் வைக்கும் குட்டிப் பொம்மையின் அடித்தட்டு 25 மில்லிமீட்டர், கட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும். இந்த 23-இல் நான்கு பேரை வரிசையாக நிறுத்திப் பாருங்கள், ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்பார்கள். யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் பஞ்சாயத்துதான்.

நான் கொடுத்தது 24-க்கு 36 அங்குலம், கட்டமும் அதே கணக்கு. கடையில் ஓரம் விட வேண்டும் என்று படத்தை 22-க்கு 33 ஆகச் சுருக்கி, சுற்றிலும் வெள்ளை விட்டு, நான்கு மூலையிலும் வளையம் வேறு அடித்திருக்கிறார்கள். கம்பத்தில் கட்டுவதற்கு! சதுர அடி 18 ரூபாய், 6 சதுர அடிக்கு 108 ரூபாய். காசு போனதுகூடப் பரவாயில்லை. இதற்காக ஒரு சனிக்கிழமை ஆட்டமே தள்ளிப்போனது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டாவது முறை என்ன செய்தேன் தெரியுமா? கரையோரப் புல்லுக்குள்ளேயே ஒரு வெள்ளைக் கோடு போட்டு, ‘இந்தக் கோடு 10 அங்குலம்’ என்று எழுதிவிட்டேன். அச்சாகி வந்ததும் கடையில் இருந்த தம்பியே டேப்பை எடுத்து அளந்து பார்த்து, “கரெக்டா இருக்குக்கா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு 108 ரூபாய் இன்னொரு தடவை கொடுக்கலாம். நீங்களும் அந்தக் கோட்டைப் போடாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, வரைபடத்துக்கு வருகிறேன். இதன் பழைய வடிவத்தில் ஆற்றங்கரை வெறும் புல்வெளியாக இருந்தது ஞாபகம் இருக்கிறதா? பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் லாங்போ என்ற நெடுவில்லின் சாதாரண எல்லையே 150 அடி. வில்லாளி நின்ற இடத்திலிருந்து அசையவே இல்லை, மூன்றே சுற்றில் சண்டை முடிந்தது. ஒளிய இடமில்லாத வரைபடம் எனக்குப் பிடிக்காது. அது வெறும் தரை விரிப்பு.

இப்போது கரையில் உடைந்த சுவர்கள் இருக்கின்றன. பின்னால் நின்றால் பாதி மறைப்பு, ஏசி, அதாவது அடி படாமல் காக்கும் எண், 2 கூடும். பாலத்தில் போக விருப்பமில்லை என்றால் கீழே நாணல் வழியாக இறங்கலாம். அது கடினத் தரை, 30 அடி நடப்பவர் 15 அடிதான் போவார், அதாவது மூன்றே கட்டம். வேகமான வழி ஆபத்தானது, பத்திரமான வழி மெதுவானது. ஆடுபவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு ஒருவரையொருவர் பார்ப்பார்களே, அந்த நிமிடத்துக்காகத்தான் நான் வரைவதே.

பாலத்தை முதலில் 6 கட்டம் நீளமாகத்தான் போட்டேன். ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்து மந்திரத்தின் ஆரம் 20 அடி, குறுக்களவு 8 கட்டம். ஒரே மந்திரத்தில் பாலத்தில் இருக்கும் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள்! அதனால் 12 ஆக்கினேன். இப்போது ஒரு முனையில் எரிந்தாலும் மறுமுனையில் நிற்பவர் தப்பிப்பார்.

ஐயோ, அச்சு விஷயத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். கட்டத்துக்கு 150 பிக்சல் வைத்து எடுத்தேன், மொத்தம் 3600-க்கு 5400. ஃபிளெக்ஸுக்கு அது தாராளம். ஆனால் நிறத்தை நன்றாக வெளுக்க வேண்டும். திரையில் அழகாகத் தெரிகிற பாலத்து நிழல் அச்சில் கரி அப்பியது போல வருகிறது. அப்புறம், பளபள ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம், மேட் கேளுங்கள். குழல் விளக்கு அப்படியே அதில் மின்னி, ஆறு எது கரை எது என்றே தெரியாது. தடிமனான கறுப்புக் கட்டக் கோடும் எனக்கு ஆகாது. மெல்லிய வெள்ளைக் கோடு போதும்.

நாளைக்குச் சனிக்கிழமை. பாலத்தின் அகலம் இரண்டு கட்டம், 10 அடி. ஓகர் என்ற பெரிய பூதம் இரண்டுக்கு இரண்டு கட்டம் பிடிக்கும், அடித்தட்டு 50 மில்லிமீட்டர். இதோ, நடுப்பாலத்தில் வைக்கிறேன். இந்தப் பக்கமும் இடமில்லை, அந்தப் பக்கமும் இடமில்லை. பாருங்கள், எவ்வளவு கச்சிதமாக அடைத்துக்கொண்டு நிற்கிறது!