எலியாபின் உயரம்

(சேகர மன்றம் எனப்படும் திருச்சபை நிர்வாகக் குழுவின் உறுப்பினர்களுக்கும் கிறிஸ்தவப் பள்ளி நிர்வாகிகளுக்கும் நடந்த பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, சேகர மன்றத்தாரே, பள்ளித் தாளாளர்களே, இளைஞர் சங்கத்துத் தம்பி தங்கையரே, உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

‘முதல் தோற்றமும் தலைமைத்துவமும்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இத்தகைய தலைப்பில் பேச வருகிறவர்கள், நேர்காணலுக்குப் போகும் இளைஞனுக்கு எப்படி உடுத்துவது, எப்படி உட்காருவது, எப்படிச் சிரிப்பது என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். அதற்கும் சிறிது நேரம் ஒதுக்குவேன். ஆனால் மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்து, ஆளைத் தேர்ந்தெடுக்கிறவர்களாகிய உங்களைப் பார்த்தே பெரும்பகுதியும் பேசப்போகிறேன். வேதாகமம் இந்தப் பொருளைத் தொடும் இடங்களிலெல்லாம் பார்க்கப்படுகிறவனைக் காட்டிலும் பார்க்கிறவனையே அதிகம் கேள்வி கேட்கிறது.

1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். புதிய ராஜாவை அபிஷேகம் பண்ணத் தைலக்கொம்போடு பெத்லகேமுக்கு வந்த தீர்க்கதரிசி சாமுவேல், ஈசாயின் மூத்த மகன் எலியாபைக் கண்டவுடனே, கர்த்தர் அபிஷேகம் பண்ணப்போகிறவன் இவன்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். “மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்” என்ற வசனம் அந்த இடத்தில்தான் வருகிறது. வசனம் நமக்கு மனப்பாடம். அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். சொல்லப்பட்டது ஏதோ அனுபவமற்ற வாலிபனுக்கல்ல, நாட்டின் மூத்த தீர்க்கதரிசிக்கு. அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்? எல்லா ஜனங்களும் தோளுக்குக் கீழாயிருக்கத்தக்க உயரமுள்ள சவுலை, இஸ்ரவேலின் முதல் ராஜாவாக, இவனுக்குச் சமமானவன் ஜனங்களுக்குள்ளே இல்லை என்று கூட்டத்தின் முன் நிறுத்தியவர் இதே சாமுவேல். அந்தச் சவுல் கர்த்தரால் தள்ளப்பட்ட துக்கம் ஆறுவதற்கு முன்னமே பெத்லகேமுக்குப் புறப்பட்டார். அங்கே போயும் அவருடைய கண் மறுபடியும் உயரமான ஒருவன்மேல்தான் போய் நின்றது. அனுபவம் மட்டும் கண்ணைத் திருத்திவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். சாமுவேலின் தாய் அன்னாள் சீலோவின் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறியில் இருப்பவளாக எண்ணிக் கடிந்துகொண்டார். முதல் பார்வையில் தவறாக எடைபோடப்பட்ட ஒரு தாயின் மகன், ஆளை எடைபோடும் இடத்துக்கு வந்தபோது தானும் முதல் பார்வையையே நம்பினார்.

ஈசாயின் ஏழு குமாரரும் கடந்துபோன பிறகு, பிள்ளைகள் இவ்வளவுதானா என்று சாமுவேல் கேட்கிறார். எட்டாவது பிள்ளை ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறான். அவனை அழைக்க வேண்டும் என்று பெற்ற தகப்பனுக்கே தோன்றவில்லை. அவன் வருமட்டும் பந்தியிருக்கமாட்டோம் என்று சாமுவேல் சொன்னதுதான் அன்று அவர் செய்த மிகப் பெரிய காரியம் என்பேன். தாவீது வந்து நின்றதும் அவன் அழகிய கண்களும் நல்ல ரூபமும் உள்ளவன் என்று வேதம் எழுதுகிறது. பிரசங்கங்களில் நாம் இந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறோம். தோற்றம் இருப்பவன் தகுதியற்றவன் என்றோ, கந்தை உடுத்தியவனெல்லாம் பரிசுத்தவான் என்றோ இந்த அதிகாரம் சொல்லவில்லை. உயரம் உயரத்துக்கு மட்டுமே சாட்சி, உள்ளத்துக்குச் சாட்சியல்ல என்பதே அது சொல்வது.

இன்றைய உளவியலும் ஏறத்தாழ இதையே கண்டிருக்கிறது. 1920இல் எட்வர்டு தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடல்தோற்றத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கே அறிவிலும் குணத்திலும் தலைமைத் திறனிலும் உயர்ந்த மதிப்பெண் விழுந்திருந்தது. அதிகாரிகள் ஒவ்வொரு பண்பையும் தனித்தனியே பார்த்ததாகத்தான் நம்பினார்கள். அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்சாண்டர் டொடொரோவும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க செனட் வேட்பாளர்களின் முகப்படங்களை மட்டும் காட்டி, யார் திறமையானவராகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். அப்படிச் சுட்டிக்காட்டப்பட்டவரே ஏறத்தாழ 70 விழுக்காடு போட்டிகளில் வென்றிருந்தார். மறு ஆண்டு ஜானின் வில்லிஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் முகத்தைக் காட்டினாலே, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று மனிதர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கூடுதல் நேரம் கொடுத்துப் பார்க்கச் சொன்னபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தீர்ப்பின்மேல் இருந்த நம்பிக்கைதான் கூடியது. ஆகவே நேர்காணலில் ஐந்து நிமிடத்துக்குப் பதிலாக அரைமணி நேரம் பேசினோம் என்று நாம் ஆறுதல் கொள்ளும்போது, அந்த அரைமணியும் முதல் நொடியின் முடிவுக்குக் காரணம் தேடுவதிலேயே கழிந்திருக்கக்கூடும்.

நம் நாட்டில் முதல் பார்வை முகத்தோடு நிற்பதில்லை. எந்த ஊர், யார் மகன், எந்தத் தெரு என்ற மூன்று கேள்விகளில் பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். இயேசுவைப் பற்றிப் பிலிப்பு சொன்னபோது நாத்தான்வேலும் அதைத்தான் செய்தான்: நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா என்று கேட்டான். நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தார் யாரேனும் இங்கே இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்; அது வேறு நாசரேத்து. பிலிப்பு வாதம் செய்யவில்லை, “வந்து பார்” என்றான். ஊர் பெயரைக் கேட்டுச் செய்த முடிவை நேரில் கண்டு திருத்திக்கொள்ளும் நேர்மை நாத்தான்வேலுக்கு இருந்தது. கபடற்றவன் என்று இயேசுவிடம் பெயர் பெற்றவனும் அவனே. யாக்கோபு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலோ குற்றவாளி ஒரு தனிமனிதன் அல்ல, சபையே. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனம், தரித்திரனுக்குப் பாதபடி என்று இடம் பிரித்தது ஆலயத்துக்குள்தான் நடந்தது. இது முதல் நூற்றாண்டோடு முடிந்த பழக்கமா என்பதை, நம் ஆலயங்களில் முதல் வரிசை யாருக்காகக் காலியாகக் கிடக்கிறது என்று பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது நம் மண்ணில் பிறந்த ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில், ஒரு கிராமத்துப் போதகரின் மகனாகப் பிறந்தார். அன்னாளின் பிள்ளையைப் போலவே, நெடுநாள் காத்திருப்புக்குப் பின் வந்த மகன் என்பதால் அவருக்குச் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். நாடார் சமூகத்தவர், அக்காலத்தில் அச்சமூகம் எத்தனை வாசல்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது என்பது தெற்கத்தி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டமில்லாத, கறுத்த மேனியுடைய, இந்தச் சமூகத்து இளைஞர் ஒருவர் அன்று ஓர் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபுச்) சபையின் தேர்வுக் குழுவின் முன் வந்து நின்றிருந்தால், முதல் பார்வையில் அவருக்கு என்ன வாய்த்திருக்கும்?

அவர் எந்தக் குழுவின் முன்னும் போய் நிற்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராக அலைந்தார். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கமும், 1905இல் சேராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் உருவாவதில் முன்நின்றார். பிறரை அனுப்புகிறவனாக மட்டும் இருக்கலாகாது என்று, நிஜாம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தோர்ணக்கல்லுக்குத் தாமே மிஷனெரியாகப் போனார், தெலுங்கு கற்றார். அந்த ஆண்டுகளிலெல்லாம் அவருடைய வேலையை அருகிருந்து பார்த்தவர் சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட். அசரியாவைப் பேராயராக்க வேண்டும் என்று ஒயிட்ஹெட் சொன்னபோது எதிர்ப்பு எழுந்தது. இந்தியர் ஒருவரின் அதிகாரத்தின் கீழ் ஐரோப்பியர் எப்படி இருப்பது என்று கேட்டவர்கள் ஒருபுறம். சாதியில் தங்களை மேலானவர்களாக எண்ணிய நம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலர் மறுபுறம். இரண்டாவது எதிர்ப்பை நாம் அதிகம் பேசுவதில்லை; பேச வேண்டும். ஒயிட்ஹெட் பின்வாங்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு பெற்றார்.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1910இல், எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டு மேடையில் அவர் பேசியதும் இந்தப் பொருளைப் பற்றியதே. மிஷனெரிகள் இந்திய ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், சிலர் உயிரையும் கொடுத்தார்கள். ஆனால் இந்தியரை வேலைக்காரராகப் பார்த்த முதல் பார்வையை விட்டு அவர்களில் பலர் நகரவே இல்லை. நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற கருத்தில் அவர் அந்த உரையை முடித்தார். அவையில் பலருக்கு அது கசந்தது. தோர்ணக்கல்லில் அவரே தலைமைப் பொறுப்பை ஏற்றபோது, ஊர்க்கிணற்றுக்கே வர விடாமல் தள்ளிவைக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களுக்குள்ளிருந்து உபதேசிமாரையும் குருமாரையும் எழுப்பினார். குருத்துவப் பயிற்சிக்கு வருகிறவர்கள் மனைவியரோடு வந்து தங்கி, தெலுங்கில் படித்தார்கள். ஆங்கிலம் பேசத் தெரிந்தவரைத் தேடியிருந்தால் அவர்களில் எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள்?

அசரியாவுக்கு ஒயிட்ஹெட் கிடைத்ததுபோல, பவுலுக்கு ஒரு பர்னபா கிடைத்தார். சவுல் என்பதே அன்று பவுலின் பெயர்; எருசலேமுக்கு வந்த அவரை எல்லாரும் கண்டு பயந்தார்கள். பயந்ததில் நியாயமும் இருந்தது, அவர் கையில் விசுவாசிகளின் இரத்தம் இருந்தது. நிலத்தை விற்று அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தவர் என்று பர்னபா நல்ல பெயர் சம்பாதித்திருந்தார். அந்தப் பெயரை ஈடு வைத்துத்தான் சவுலைக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போனார். பிறகு தர்சு வரை தேடிப்போய், அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்து, ஒரு வருஷ காலம் உடன்வைத்து வேலை செய்தார். அப்போஸ்தலர் நடபடிகளில் “பர்னபாவும் சவுலும்” என்றிருந்த வரிசை, 13ஆம் அதிகாரத்துக்குள்ளேயே “பவுலும் பர்னபாவும்” என்று மாறிவிடுகிறது. தாம் கூட்டிவந்தவன் தம் பெயருக்கு முன்னே வந்துவிட்டான் என்று பர்னபா எங்கும் முறையிட்டதாக இல்லை.

அதே பவுல், ஊழியப் பயணத்தின் நடுவே பம்பிலியாவில் தங்களை விட்டுத் திரும்பிய மாற்குவை மறுபடி சேர்த்துக்கொள்ள மறுத்தார். பர்னபாவோ மாற்குவுக்காகப் பவுலையே பிரிந்தார். இருவரில் யார் சரி? தேர்வுக்குழுவில் உட்காருகிற எனக்குப் பவுலின் பயம் புரிகிறது. போதாக்குறைக்கு மாற்கு பர்னபாவுக்கு இனத்தான். சொந்தக்காரனுக்காகப் பரிந்து பேசுகிறார் என்று நம் மன்றங்களில் யாராவது எழுந்திருப்பார்கள். ஆனால் காலம் பர்னபாவின் பக்கம் சாட்சி சொன்னது: மாற்குவை அழைத்துவா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுலே பிற்காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதினார். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதில் நம் மன்றங்கள் இரண்டு பிழையையும் ஒருசேரச் செய்கின்றன. எடுக்கும்போது முகத்தைப் பார்த்து எடுப்பது, எடுத்தபின் முதல் சறுக்கலிலேயே கைவிடுவது.

இளைஞர்களுக்குச் சொல்வதாக வாக்களித்தது இது. யோசேப்பு சிறையிலிருந்து அழைக்கப்பட்டபோது சவரம் பண்ணிக்கொண்டு, வேறு வஸ்திரம் தரித்தே பார்வோனிடம் போனான். கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர் என்று சொல்லிக்கொண்டு அழுக்குச் சட்டையோடு அவன் அரண்மனைக்குள் நுழையவில்லை. எகிப்தியரின் பார்வை எகிப்தியரின் பார்வைதான் என்பது அவனுக்குத் தெரியும். நேரத்துக்கு வாருங்கள், சுத்தமாக வாருங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதற்கு மேல் நடிக்க வேண்டாம். முதல் நாள் போட்ட வேடத்தைப் பணிக்காலம் முழுவதும் சுமக்க வேண்டிவரும்.

ஆனால் யோசேப்பின் கதையிலும் என் கண் பார்வோனின் பானபாத்திரக்காரன்மேல்தான் போகிறது. யோசேப்போடு சிறையிலிருந்து, அவனுடைய திறமையை நேரில் கண்டவன் இவன். வெளியே போனதும் மறந்தான். இரண்டு வருஷம் அந்த மறதி யோசேப்பைச் சிறையில் வைத்தது. நம் பள்ளிகளில் ஒப்பந்த ஆசிரியர்களாகவும், ஆலயங்களில் சம்பளமில்லாத ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகளாகவும் இருப்போரின் வேலையைக் கண்ணாரக் கண்டவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறீர்கள். மன்றத்தில் பெயர் கேட்கப்படும்போது அவர்கள் பெயர் ஏன் உங்கள் வாயில் வருவதில்லை?

ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். சபையின் உதவிக்காரர் (டீக்கன்மார்) முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்றும் எழுதினார். இவை இரண்டையும் காகிதத்தில் கொண்டுவரவே இன்று சில முன்மொழிவுகளைக் கொண்டுவந்திருக்கிறேன். கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்து, எல்லா விண்ணப்பதாரரிடமும் அவற்றையே கேட்பது. ஒவ்வொரு உறுப்பினரும் பிறர் பேசுமுன் தம் மதிப்பெண்ணைத் தனியே எழுதிவிடுவது. உறவினர் விண்ணப்பித்திருந்தால் அதைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறுவது; பர்னபாவாக இருந்தாலும் சரி. நியமனத்துக்குப் பின் ஓராண்டுப் பயிற்சிக்காலமும், அதன் நடுவில் ஒருமுறை உட்கார்ந்து பேசித் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் கொடுப்பது.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதில்தான் உங்களுக்குள் கருத்து வேறுபாடு வரும் என்று எதிர்பார்க்கிறேன். இப்போதுள்ள படிவத்தில் ‘பரிந்துரைப்பவர்’ என்ற இடத்தில் பெயரும் பதவியும் மட்டும் கேட்கப்படுகின்றன. அதை எடுத்துவிட்டு, இந்த நபர் என்ன வேலை செய்ததை நீங்கள் நேரில் பார்த்தீர்கள், எவ்வளவு காலம் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். பெரிய மனிதர்களின் கையெழுத்து குறையும், உடன் உழைத்தவர்களின் கையெழுத்து கூடும். படிவத்தின் நகல் உங்கள் மேசைகளில் இருக்கிறது. தேநீருக்குப் பின் அந்தப் பகுதியிலிருந்தே விவாதத்தைத் தொடங்குவோம்.