கறிமிளகாயின் உறைப்பு எங்கே இருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலைச் சந்தையில் மரக்கறிக் கடை எதற்குப் போனாலும் வெளிர் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், மெழுகு பூசினாற்போல மினுங்கும் நீளக் காய்கள் குவிந்திருக்கும். அதுதான் கறிமிளகாய். சிங்களத்தில் மாலு மிரிஸ் என்பார்கள். பச்சை மிளகாயும் இதுவும் தாவர இனத்தில் ஒன்றுதான். ஆனாலும் சமையலில் இது மரக்கறி. பச்சை மிளகாயை எண்ணிப் போடுகிறோம், இதைக் கத்தரிக்காய்போல 250 கிராம், அரைக் கிலோ என்று நிறுத்து வாங்குகிறோம்.

வாங்கிக்கொண்டு போன பிறகு வரும் முறைப்பாடு ஒன்றுதான்: "போன கிழமை பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டார்கள், இந்தக் கிழமை வாயில் வைக்க முடியவில்லை." இதற்குக் காரணம் உண்டு. உறைப்பை அளக்கும் முறையொன்றை 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் வகுத்தார். அந்த அளவில் மிக மென்மையான நீளக் காய் இனங்கள் 500ஐத் தாண்டுவதில்லை. பார்வைக்கு அப்படியே இருக்கும் ஹங்கேரியன் யெலோ வக்ஸ் இனம் 5,000க்கு மேலும் போகும். இந்த இனம் நம் நாட்டில் பரவலாகப் பயிரிடப்படுவது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். அதோடு செடிக்குத் தண்ணீர் போதாவிட்டால் காயில் உறைப்பு ஏறும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில், தண்ணீர் போதாத தோட்டத்துக் காயைச் சற்று எச்சரிக்கையோடுதான் வெட்ட வேண்டும்.

பக்கத்தில் கொச்சிக்காய் நட்டதால் கறிமிளகாய் உறைத்துவிட்டது என்று சொல்வதுண்டு. அது சரியல்ல. மகரந்தம் கலந்தாலும் இந்தக் காயின் சதை தாய்ச்செடியினுடையதே. கலப்பின் விளைவு, அந்த விதையைப் போட்டு முளைக்கும் அடுத்த செடியில்தான் தெரியும்.

காய்க்குள் உறைப்பு எங்கே இருக்கிறது? விதையில் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஒரு காயை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். காம்புக்குக் கீழே பஞ்சுபோன்ற வெள்ளைக் கட்டி, அதிலிருந்து உட்சுவரோடு ஒட்டி இறங்கும் இரண்டு மூன்று வெள்ளை நரம்புகள். உறைப்பைத் தரும் கப்சைசின் உண்டாகும் இடம் இதுதான். விதை அதோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் உறைப்பு பூசப்படுகிறது, அவ்வளவே. விதையை மட்டும் தட்டிவிட்டு நரம்பை விட்டுவைத்தால் உறைப்பின் பெரும்பகுதி சட்டிக்குள் போய்விடும்.

ருசி பார்ப்பதிலும் இதே கவனம் தேவை. நுனியில் ஒரு துண்டு வெட்டிக் கடித்துவிட்டு "உறைப்பில்லை" என்று முடிவு செய்யக்கூடாது. நுனி எப்போதும் சாதுவாகத்தான் இருக்கும். காம்புப் பக்கத்து வெள்ளை நரம்பில் நாக்கு நுனியைத் தொட்டு, அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சுட்டால் அந்தக் காயின் நரம்பைத் தேக்கரண்டிக் காம்பால் முழுவதும் சுரண்டி எடுத்துவிடுங்கள். கை எரிந்தால் தண்ணீர் உதவாது. கப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாய் எரிந்தால் கிண்ணியாத் தயிர் இரண்டு கரண்டி.

இனிப் பால்கறி. 250 கிராம் காய்க்கு எட்டுச் சின்ன வெங்காயம், நாலு பல் உள்ளி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு மேசைக்கரண்டி மாசித்தூள், இரண்டாம் பால் ஒரு கோப்பை, முதற்பால் அரைக் கோப்பை. காயை இரண்டங்குலத் துண்டாக வெட்டி, தாச்சியில் சூடான எண்ணெயில் தோல் அங்கங்கே கொப்பளிக்கும்வரை இரண்டு நிமிடம் பிரட்டித் தனியே எடுத்து வையுங்கள். இந்த வேலையை விட்டால் காய் பச்சை வாசத்தோடு தண்ணீர் விட்டு, கறி நீர்த்துப்போகும். அதே எண்ணெயில் வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, ரம்பை, கடைசியாக வெந்தயம். வெந்தயம் கருகினால் கறி கசக்கும். பழி காயின்மேல் விழும். மஞ்சள், மாசி, உப்பு, இரண்டாம் பால் சேர்த்துக் கொதித்ததும் காயைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம். பிறகு முதற்பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கும்போதே இறக்கிவிடுங்கள். பொங்கவிட்டால் பால் திரையும். தேசிக்காய்ப்புளி அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறிய பிறகு மட்டும்.

காய்க்குள் கலவை வைத்துப் பொரிப்பதுதான் அதிகம் பிசகும் வேலை. காம்புக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே கத்தியை வைத்து, நுனிக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்னால் நிறுத்துங்கள். நுனிவரை கீறினால் காய் வாய் பிளந்துவிடும். நரம்பை எடுத்து, உள்ளே உப்புத் தடவி, கவிழ்த்துப் பத்து நிமிடம் வைத்துத் துடையுங்கள். பத்துக் காய்க்கு 300 கிராம் உருளைக்கிழங்கு, அவித்து உதிர்த்த சூரை மீன் 100 கிராம், வதக்கிய வெங்காயம், மிளகுதூள், தேசிக்காய். கலவை கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அது ஆவியாகிக் காயை வெடிக்க வைக்கும். முக்கால்வாசிதான் நிரப்பலாம். முட்டையில் தோய்த்து ரஸ்க்தூளில் பிரட்டி, ஒரு துகள் போட்டதும் நுரைத்து மேலே வரும் சூட்டில், ஒரு தடவைக்கு நாலு மட்டும் மூன்று நிமிடம் பொரியுங்கள். அதற்குமேல் போட்டால் எண்ணெய் ஆறி, காய் எண்ணெயைக் குடித்துவிடும்.

கணவாய்ப் பிரட்டலுக்குக் கடைசி மூன்று நிமிடத்தில் சேர்த்தால் போதும், கடிபட வேண்டும். முட்டைப் பொரியலுக்குப் பொடியாக வெட்டினால் பச்சை மிளகாயின் வாசம் கிடைக்கும், பிள்ளைகளுக்குச் சுடாது.

காயைக் கழுவாமல், காம்பு கிள்ளாமல் பத்திரிகைத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் வையுங்கள். ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் தோலில் குழி விழும். குளிர்காற்று நேரே படும் மேல்தட்டு வேண்டாம்.

நரம்பெடுத்தும் உறைக்கிற காய் மிஞ்சிவிட்டால் மோர்மிளகாய் போடலாம். சதை தடிப்பானதால் முழுதாகப் போட்டால் காயுமுன் பூஞ்சணம் பிடிக்கும், நெடுக்காக நாலாகக் கீறிக்கொள்ளுங்கள். 250 கிராமுக்கு ஒரு கோப்பை கடைந்த தயிர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. இரவில் ஊற, பகலில் வெயிலில், மாலையில் திரும்பவும் அதே மோரில். மூன்று நாளில் மோர் வற்றிவிடும். அதன்பின் வெயிலில் மட்டும், வளைத்தால் சட்டென்று ஒடியும்வரை.